அவர் உட்கார்ந்த இடம்

வாப்பா கஹ்வா காப்பியைக் குடிக்கவில்லை. கோப்பையை முழங்காலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டார். ருதைனா அந்தக் கோப்பையையே பார்த்தாள். ஜோர்தானில், அவர்களுடைய கரக் ஊரில், விருந்தாளி ஒருவர் அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார். வீட்டுக்காரர் 'குடிங்க' என்றால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். சொந்த மகள் வீட்டில் எந்தத் தகப்பன் இப்படிச் செய்வான்?

என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் எழுதிய கதை அன்று மாலை பத்திரிகைக்குப் போகிறது. அதை அவரிடம் வாசிக்கக் கொடுத்ததும் அவள்தான், அசட்டுத் துணிச்சல். அக்கா வத்ஹாவைப் பெண் கேட்டுப் பெரியவர்கள் வந்த நாளை, கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் காதுகளைக் கொண்டு எழுதியிருந்தாள். அங்கே யார் முகமும் தெரியாது. வாப்பாவின் குரல் மட்டும்: "எழுந்திரிங்க. என்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல." வந்தவர்கள் கஹ்வா குடிக்காமலே போனார்கள். அக்காவுக்கு அப்புறம் கல்யாணமே ஆகவில்லை. கதையில் அவர் கல்நெஞ்சுக்காரர். வேறெப்படி இருப்பார்?

கிழித்துப் போடச் சொன்னால் முடியாது என்றுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் பேசினதுல ஒரு வார்த்தையும் மாத்தாத," என்றார் வாப்பா. "நான் உக்காந்த இடத்துல வந்து உக்காந்து எழுது."

அங்கிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டாள். மாப்பிள்ளையிடம் ஏதோ கோளாறு கண்டிருப்பார் என்று நம்பித்தான் அக்கா இத்தனை வருஷமாக அவருக்கு ஆக்கிப் போடுகிறாள்.

மாப்பிள்ளை தங்கமான பையன் என்றார் அவர். அவன் தலைக்கு மேலே ஆணியில் அம்மாவின் சால்வை தொங்கிக்கொண்டிருந்ததாம். அம்மா இறந்த புதிது. ருதைனா அம்மான் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வத்ஹாவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் சால்வையும்தான்.

"பயந்துட்டேம்மா. அவ்வளவுதான்."

ருதைனாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இதற்காகவா அக்காவின் வாழ்க்கை? கல்நெஞ்சுக்காரராகவே இருந்து தொலைத்திருக்கலாம். ஆனாலும் எழுதுகிறவள் புத்தி சும்மா இருக்குமா, அவர் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தது. என்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல. அதே வார்த்தைகள்தான். இங்கிருந்து கேட்டால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"அக்கா இதைப் படிச்சா உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டா வாப்பா."

"வெறுக்கட்டும். நீ எழுதின ஆளை இல்ல, என்னை வெறுக்கட்டும்."

கஹ்வா ஆறிப்போயிருந்தது. கோப்பையைப் பார்த்தபடியே அவர் காத்திருந்தார்.

"குடிங்க வாப்பா," என்றாள்.

அவர் எடுத்துக் குடித்து முடிப்பதற்குள், அவள் கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்திருந்தாள்.