கடைசியில் கூப்பிடும் பெயர்

என் வீட்டுக்காரர் சிரில் ரெபெல்லோ பம்பாய் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனிக்காகப் பயணிகளை ஏற்றிவிடும் வேலையை முப்பத்துநாலு வருஷம் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே, விமானம் என்று யாராவது பேச்செடுத்தால் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கம்பெனி வருஷாவருஷம் தரும் இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கக்கூடப் போகவில்லை.

"ஆர்வம் போயிடுச்சு செவெரின். வயசாச்சுல்ல" என்பார்.

எனக்கா தெரியாது? இலவச டிக்கெட் என்றால், காலியிடம் மிஞ்சினால்தான் நமக்கு. ஆண்கள் டை கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார வேண்டும். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறின பிறகு கடைசியில் பெயரைக் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்தவரை அது அவருக்கு உறைத்ததே இல்லை. ஓய்வுக்குப் பிறகு சிங்கப்பூர் போக ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டோம். கடைசி நிமிஷத்தில் காசு கொடுத்த இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். எங்களை எழுப்ப வந்த அதிகாரி இவரிடமே வேலை பழகினவர். "மன்னிச்சுக்கோங்க சார்" என்றார், இவர் முகத்தைப் பார்க்காமல். விமானமே வேடிக்கை பார்க்க, பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆர்வம் போனது அன்றைக்குத்தான்.

இப்போது மஸ்கட்டில் எங்கள் மகள் கிளெண்டாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் குழந்தைக்கு அம்மாவின் அம்மாதான் ஞானத்தாயாக நிற்பது எங்கள் மங்களூர்க்காரர் வழக்கம். வெள்ளிக்கிழமை ஞானஸ்நானம்.

"நீ மட்டும் போயிட்டு வாயேன்" என்றார்.

"ஊரையெல்லாம் ஏத்தி விட்ட பழக்கத்துல என்னையும் ஏத்தி விட்டுடலாம்னு பாக்குறீங்களா? தனியா நான் போனதில்ல, போகவும் மாட்டேன். உங்க பேத்திக்கு ஞானத்தாயா அங்க எவளையாவது நிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, சமையலறைக்குள் போய் அழுதேன். அழுகை அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை கிளெண்டாவும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"பப்பா, இது நான் காசு குடுத்து எடுத்த டிக்கெட். உங்களை யாரும் எழுப்ப முடியாது."

"சரி" என்றார்.

புறப்படுகிற காலையில் பார்த்தால் டை கட்டிக்கொண்டு நிற்கிறார். போனால் போகட்டும், வருகிறாரே என்று விட்டுவிட்டேன். விமானத்துக்குப் போகும் வாசலருகே மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஏறச் சொல்லி அறிவித்தார்கள். வரிசை நகர்ந்தது.

"எழுந்திருங்க."

"கூட்டம் குறையட்டும்."

கூட்டம் குறைந்து, வரிசையே இல்லாமல் போயிற்று. அவர் முழங்காலில் கையை வைத்து அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அப்போது ஒலிபெருக்கியில், "ரெபெல்லோ, கடைசி அழைப்பு" என்று கேட்டது.

சட்டென்று எழுந்து டையைச் சரிசெய்தார். "கூப்பிட்டுட்டாங்க பாத்தியா? இடம் இருக்கு" என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அட மனுஷா, இடம் நம்மளது."

வாசலில் நின்ற பெண் கடுகாய்ப் பொரிந்தாள். "எங்க சார் போனீங்க? உங்க ரெண்டு பேருக்காக மொத்த விமானமும் காத்திருக்கு."

அவர் நின்றுவிட்டார். "எங்களுக்காகவா?"

"பின்ன யாருக்காக? ஓடுங்க சார்."

ஓடினோம். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்து இடம் அவருக்கு. பெல்ட் போடாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார். பணிப்பெண் கதவைச் சாத்தித் தாழிட்டாள். இனி யாரும் வர முடியாது.

டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"செவெரின், ஜன்னல் பக்கம் நான் உக்காரட்டுமா?"

எழுந்து இடம் மாறிக்கொண்டேன்.