நாலு மணி பன்னிரண்டு நிமிடம்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் மக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத் தருவது: எதிர்வரும் செவ்வாய்க்கிழமை, லண்டன் நேரம் மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, மோர்டனைச் சேர்ந்த திரு. யேசுரட்ணம் அவர்கள் தமது முகநூலில் ஒரு படம் போடுவார்.

உலகெங்கும் என்பது சும்மா மரியாதைக்கு. அந்தப் படத்தை ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும்: ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தமையன் றொனால்ட்.

இருவரும் பேசி நாலு வருடம். மகள் பெனிற்றாவின் கலியாணக் கார்டில் பெரியப்பா றொனால்டின் பெயர், யேசுரட்ணத்தின் மனைவி பியற்றிஸின் தம்பி பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அரை அங்குலம் கீழே. றொனால்ட் கலியாணத்துக்கு வரவில்லை. யேசுரட்ணம் ஏனென்று கேட்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது, ரொறன்ரோவில் சொந்தக்காரர் உள்ள எமில்டா சொன்னாள்: "உங்கடை அண்ணைக்கு இருபதாம் திகதி நெஞ்சு ஒப்பரேசனாம். தெரியும்தானே?" தெரியும் என்று தலையாட்டிய யேசுரட்ணம், காரை விட்ட இடம் மறந்துபோய் இரண்டு தெரு நடந்தார்.

"ஒரு கோல் எடுங்கோவன்," என்றாள் பியற்றிஸ்.

"நான் முதல் எடுத்தா பிழை என்னிலை எண்டாயிடும்."

"அப்ப அவர் ஒப்பரேசன் மேசையிலை படுத்துக்கொண்டு எடுக்கட்டும். நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ."

யேசுரட்ணம் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். தொண்ணூற்றொன்றில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தம்பிக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்போது லண்டனில் இருந்த றொனால்ட் வெறும் சேட்டோடு விறைத்துக்கொண்டு நிற்கும் படம். அதைப் பேஸ்புக்கில் போடுவது. அண்ணை ஒரு லைக் போட்டால் போதும். அவர்தான் முதலில் பேசினார் என்றாகும்; இவர் பேசினார் என்று ஆகாது. ஐக்கிய நாடுகள் சபைக்கே எட்டாத ராஜதந்திரம்.

பக்கத்து வீட்டு ராம்கி மதுரைப் பிள்ளை. வங்கியொன்றில் டேட்டா பார்க்கிறவன். கறிவேப்பிலை வாங்க வந்தவனிடம் விஷயம் போனது.

"அங்கிள், படம் முக்கியமே இல்ல, டைமிங்தான். அவர் ஆன்லைன்ல இருக்கும்போது போடணும். இல்லேன்னா பூனை வீடியோவுக்கு அடியில போய்ப் புதைஞ்சிடும். பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எப்ப எரியுதுன்னு ரெண்டு வாரம் எழுதி வைங்க."

"ஒப்பரேசன் இருபதாம் திகதி, தம்பி."

"பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள வேண்டிய டேட்டா வந்துடும்."

அன்றிலிருந்து பியற்றிஸின் சமையல் குறிப்புக் கொப்பியில், கட்லட்டுக்கும் றோல்ஸுக்கும் இடையில், பச்சை விளக்கு எரிந்த நேரங்கள் ஏறின.

"ஒரு மனிசன் நாள் முழுக்க ஒரு பச்சைப் புள்ளியைப் பாத்துக்கொண்டு இருந்தா, சனம் ஆரோ பொம்பிளை எண்டுதான் நினைக்கும்," என்றாள் பியற்றிஸ்.

ஆனால் ஒழுங்கு ஒன்று தெரிந்தது. ரொறன்ரோ நேரம் காலை பதினொரு மணிக்கு, லண்டனில் மாலை நாலுக்கு, விளக்கு எரியும். பதினொன்று நாற்பதுக்கு அணையும். ஒரு நாளும் தப்பாது.

"பாத்தியோ, அண்ணை மணிக்கூடு மாதிரி மனுசன்," என்றார் யேசுரட்ணம். அவர் குரலில் நாலு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் பெருமை.

ராம்கி வரைபடம் போட்டுக் காட்டினான். விளக்கு எரிந்து பன்னிரண்டாவது நிமிடம்தான் உகந்தது. அதற்குள் ஆள் வசதியாக உட்கார்ந்துவிடுவாராம்.

செவ்வாய் வந்தது. யேசுரட்ணம் குளித்து, இஸ்திரி போட்ட சேட்டு மாட்டி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, நாலு பன்னிரண்டுக்குப் பொத்தானை அமத்தினார். பாரிஸிலிருந்து லைக் வந்தது. மன்னாரிலிருந்து வந்தது. சட்டனிலிருந்து சிவனேஸ்வரி "ஆர் இந்தக் கோட் போட்ட வடிவான பொடியன்?" என்று கேட்டாள். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. நாலு பத்தொன்பதுக்குக் கத்தினார்.

"பியற்றிஸ்! அண்ணை! லைக் இல்லையப்பா, இதயம் போட்டிருக்கிறார்!"

அவள் ஓடிவருவதற்குள் இதயம் கோப முகமாகியது. பிறகு சிரிப்பு. பிறகு அழுகை. பிறகு திரும்பவும் இதயம்.

"நாலு வருசத்தையும் ஒரு நிமிசத்திலை சொல்லிப்போட்டார்," என்றார் யேசுரட்ணம்.

இனி எடுக்கலாம். அண்ணைதான் முதலில் பேசிவிட்டாரே. நம்பரைப் பார்க்காமலே அமத்தினார். றொனால்டின் மகள் பிறின்சி எடுத்தாள்.

"சித்தப்பா? உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தைப் பிள்ளை?"

"அப்பாவைச் சனிக்கிழமையே கொண்டு போயிட்டம். திடீரெண்டு ஏலாமல் போச்சு, அண்டைக்கே ஒப்பரேசன் செய்திட்டினம். இன்னும் கண் முழிக்கேல்லை. மெசின்லதான் இருக்கிறார்."

"இப்பதானே எனக்கு இதயம் போட்டவர், பிள்ளை."

"அது என்ரை சின்னவள், சித்தப்பா. அப்பான்ரை டப்லட்டிலை பேஸ்புக் வீடியோ விட்டாத்தான் வாய் திறப்பாள். அப்பாவுக்கு பேஸ்புக் பாக்கவே தெரியாது. நான்தான் சும்மா ஒரு கணக்குத் திறந்து குடுத்தனான்." பிறகு சொன்னாள்: "அம்புலன்ஸிலை ஏத்தேக்கையும் கேட்டவர், லண்டனிலை இருந்து ஆரும் கோல் எடுத்தவையோ எண்டு."

பின்னால் ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. யேசுரட்ணம் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். பியற்றிஸ் கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தாள்.

மேசையில் கிடந்த பியற்றிஸின் போனில் ராம்கியின் செய்தி விழுந்தது: "ஆன்ட்டி, அங்கிளுக்கு எண்பத்து நாலு லைக்! நான் சொல்லல?"

ராம்கியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளை ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குத்தான் சாப்பிடும்.