சம்பந்தி வீட்டுக் கரை

ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பு அவளுடையது. எல்லோரும் அவளைத் தண்ணியம்மா என்பார்கள். அந்த மழைக்காலத்தில் ஆறு கலங்கலோடு நாற்றத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மணல் வடிகட்டிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. கிருமிக்குப் பயந்து குளோரினைக் கூட்டினாள். தேநீரில் மருந்து வாடை அடித்தது. தேநீர்க் கடைக்காரர், தன் கடைக்கு வந்தால் மருந்துக்கடைக்குப் போகும் வேலை மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு கரையோரமாகவே மேலே நடந்தாள். நின்று நின்று நீர் பிடித்தாள். வளைவு ஒன்றில் ஒரு பண்ணையின் மாடுகள் முழங்கால் சேற்றில் ஆற்றுக்குள் நின்றன. மிதிபட்ட கரையில் பேருக்குக்கூடப் புல் இல்லை. மேட்டில் குவித்திருந்த சாணம் மழையில் கரைந்து நேரே ஆற்றில் இறங்கியிருந்தது. சோதனையும் அதையே சொன்னது. அந்தப் பண்ணைக்கு மேலே பிடித்த நீரில் கிருமி குறைவு. கீழே பிடித்ததில் கிருமி மொய்த்தது.

பண்ணை யாருடையது என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. அவள் மகனுக்குப் பெண் கொடுத்தவருடையது.

சொன்னால் உறவு கெடும், சொல்லாவிட்டால் ஊர் கெடும். சில நாள் மென்று விழுங்கிவிட்டு, ஒருவழியாகப் போய்ச் சொன்னாள். தன் அப்பா காலத்திலிருந்தே மாடுகள் அங்கேதான் குடிக்கின்றன, ஓடுகிற ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்றார் சம்பந்தி. பிறகு சிரித்துக்கொண்டே, “என் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல நீங்க. கடைசில என் மாட்டுகிட்ட கண்டுபிடிச்சிட்டீங்களே, சம்பந்தியம்மா” என்றார். ஆனால் அவள் கிளம்பியபோது வழியனுப்ப எழுந்து வரவில்லை.

அவள் வீடு வருவதற்குள் செய்தி மருமகளுக்குப் போய்விட்டிருந்தது. மகனுக்கு மத்தளம்போல் இரண்டு பக்கமும் இடி. சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் காலை மருமகள் முதன்முறையாக நிலையத்துக்கு வந்தாள். எங்கே அந்தத் தண்ணீர் என்று கேட்டு, புட்டியைத் திறந்து முகர்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து மாமியார் தயாராக நின்றாள்.

“எங்க வீட்டு வாசனைதான் அத்தை” என்றாள் மருமகள். புட்டியை மூடி மேஜையில் வைத்தாள். “அப்பா மனுஷங்க சொன்னா கேக்க மாட்டாரு. மாடு சொன்னா கேப்பாரு.”

யோசனை அவளுடையதுதான். மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் ஒரு தொட்டி வைப்பது, ஆற்றுக்குப் போகும் வழியையும் அடைக்காமல் விடுவது, மாடுகள் எங்கே குடிக்கின்றன என்று பார்ப்பது. தோற்கப்போவது தன் மகள்தான் என்ற நம்பிக்கையில் அப்பா ஒத்துக்கொண்டார். மகன் ஒரு பழைய பம்பைப் பழுதுபார்த்துக் குழாய் இழுத்துக் கொடுத்தான்.

தொட்டி நிறைந்த அன்று மாடுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுக்கு இறங்கின. சம்பந்தி சீழ்க்கை அடித்தார். தண்ணியம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் போவதற்குள் ஒரு கிடாரி தொட்டியில் வாய் வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. பழகிய பிறகு சேற்றில் இறங்க எதற்கும் மனம் வரவில்லை, முன்னால் நடக்கும் கிழட்டுப் பசு ஒன்றைத் தவிர. அது மட்டும் தனியாக ஆற்றுக்குப் போய் வந்தது. அப்பாவின் செல்லம், அதனால்தான் அப்பாவைப் போலவே இருக்கிறது என்றாள் மகள்.

சம்பந்தியை அசைத்தது மாடுகளின் கால்கள். வருடா வருடம் மழையில் குளம்பு அழுகி நொண்டும் மாடுகள் இந்த முறை நேராக நடந்தன. கிழட்டுப் பசு மட்டும் நொண்டியது. அவர் அதன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து மருந்து போட்டார். முடித்த கையோடு சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தார்.

“வேலி போடணும்னா கரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடணும்?” என்றார். மன்னிப்பும் அதிலேயே அடங்கிவிட்டது. அவளும் வேறெதையும் கேட்கவில்லை.

வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே புல்லும் மரக்கன்றுகளும் வைத்தார்கள். சாணக்குவியல் ஆற்றைவிட்டுத் தள்ளிப்போய், மேலே கூரையும் வந்தது. அடுத்த மழைக்கு ஆறு கலங்கலாகத்தான் வந்தது; நாற்றம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. வடிகட்டிகள் தாக்குப்பிடித்தன. மீதி நாற்றம் இன்னும் மேலே இருக்கும் பண்ணைகளிலிருந்து வருகிறது என்று அவள் சொன்னதும், அவர்களிடம் தானே பேசுவதாக சம்பந்தி கிளம்பிவிட்டார். வேலி யோசனை ஆதியிலிருந்தே தன்னுடையது என்று அங்கே சொல்லிக்கொண்டதாக மருமகள் வந்து சொன்னாள். சொல்லிக்கொள்ளட்டும் என்றாள் தண்ணியம்மா, வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஒருத்தர் சரின்னுட்டாரு” என்றார் சம்பந்தி, நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து. “இன்னொருத்தர் என்னைவிட முரடு. ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். நீங்களும் வாங்க சம்பந்தியம்மா, புட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு.”

போவதாகச் சொல்லி, அவரை வழியனுப்ப வாசல் வரை நடந்தாள்.