நீயே சூஸ் பண்ணும்மா

தேனி கடைத்தெருவில் ஜெபராஜ் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பட்டுப் பக்கம் முழுக்க அக்கம்மாள் ராஜ்ஜியம்தான். இருபத்திரண்டு வருடமாக வீரபாண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். முகூர்த்தப் பட்டு எடுக்க எந்தக் குடும்பம் படியேறினாலும் அண்ணாச்சி வாயிலிருந்து முதலில் வருவது அவள் பெயர்தான். கைராசி அப்படி.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ‘சூஸ்’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மத்தியானச் சோறு ஆறிப்போகும் அளவுக்குப் பேசுவாள். புருஷன்காரன் ‘நீயே சூஸ் பண்ணு’ என்றால், கால் கடுக்கிறது, சட்டுப்புட்டென்று முடி என்று பொருள். நாத்தனார் சொன்னால், நீ எடு, அப்புறம் ஊரெல்லாம் சொல்கிறேன் என்று பொருள். மாமியார் ‘நீயே சூஸ் பண்ணும்மா, கட்டப்போறவ நீதான’ என்றாளோ, முடிந்தது கதை. பெண் வாயைத் திறக்கவே கூடாது என்று அர்த்தம். இந்தக் கணக்கில் தான் தப்பியதே இல்லை என்று அக்கம்மாளுக்குப் பெருமை.

அன்றைக்குச் சுருளிப்பட்டியிலிருந்து பாண்டியம்மாள் வந்திருந்தாள். திராட்சைத் தோட்டக்காரி. மகனுக்கு ஆவணியில் கல்யாணம். வருசநாட்டுப் பெண் சுபாஸ்ரீயையும் கூடவே கூட்டி வந்திருந்தாள். பெண்ணைப் பெற்றவள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இவர்கள் இரண்டு பேர்தான். மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, தேதியும் தங்கள் ஜோசியர் குறித்ததுதான் என்று பாண்டியம்மாள் அடுக்கிக்கொண்டே போனாள். அப்புறம் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

“நீயே சூஸ் பண்ணும்மா, கட்டப்போறவ நீதான.”

அக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அவள் கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை எடுத்துவந்தார்கள். அவளுக்கு அந்த நிறத்தைக் கண்டாலே ஆகாது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் போட்டோவை இன்றைக்கும் அவள் பீரோவுக்குள்ளேதான் வைத்திருக்கிறாள். இந்தப் பிள்ளைக்காவது பிடித்த சேலை அமையட்டும், பார்த்துவிடலாம் ஒரு கை, என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

முப்பது சேலை விரித்திருப்பாள். பாண்டியம்மாளின் கை அரக்குப் பட்டு ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது, எழவே இல்லை. சுபாஸ்ரீயின் கையோ பக்கத்தில் கிடந்த கிளிப்பச்சைக்குப் போனது. கொஞ்சம் கழித்து மறுபடியும் போனது. மூன்றாவது தடவையும் போனபோது அக்கம்மாள் முடிவு செய்துவிட்டாள். வாயால் சொல்லாததை விரல் சொல்லிவிடும் என்பது அவள் தொழில் பாடம்.

அரக்குப் பட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். கரை ஜரிகையில் ஓர் இழை போயிருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னாள். இழையும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. தாலி கட்டுகிற சேலையில் குறை ஆகாது என்று பாண்டியம்மாள் பதறிக் கையை எடுத்துக்கொண்டாள். அதே நிறத்தில் வேறு உருப்படியும் கடையில் இல்லை. பிறகென்ன, கிளிப்பச்சையை நைசாக முன்னால் தள்ளி, மாநிறத்துக்கு இது எப்படி எடுக்கும் தெரியுமா என்று நாலு வார்த்தை பேசினாள். பாண்டியம்மாள் தலையாட்டினாள். வேலை முடிந்தது.

மேலே போட்டுப் பார்க்கப் பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். சுபாஸ்ரீயின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டு, அக்கம்மாள் அவள் காதருகே குனிந்தாள்.

“நீ மூணு தடவ இதத் தொட்டத நான் பாத்தேன் ஆத்தா. அதான் ஒனக்கே அமையிற மாதிரி பண்ணிட்டேன்.”

“தொடலக்கா. இது சரிஞ்சு சரிஞ்சு அரக்கு மேல விழுந்துச்சு. தள்ளி விட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு அந்த அரக்குதாங்க்கா புடிச்சிருந்துச்சு. அத்தையும் அதுலயே கை வச்சிருந்தாக. நான் வாயத் தொறக்காமலே அமைஞ்சிருச்சுன்னு இருந்தேன். இப்ப அதுல போயி கொறைங்கிறீக.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அக்கம்மாளின் புளுகு எட்டு நிமிடம் தாங்கவில்லை.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பெண் பச்சையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காருவாள், போட்டோவைப் பீரோவுக்குள் வைப்பாள். சொல்லிவிட்டாலோ, இருபத்திரண்டு வருடப் பேர் போய்விடும். இல்லாத குறையைச் சொன்னவள் காட்டும் சேலையை அப்புறம் எவர் நம்பி எடுப்பார்? கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு நேரே போய்ப் பாண்டியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள்.

“அரக்குல இழை போகலக்கா. நாந்தான் பொய் சொன்னேன்.”

ஏன் சொன்னாள், எதைப் பார்த்து ஏமாந்தாள் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கல்லாவில் அண்ணாச்சியின் பேனா நின்றது. நாளையிலிருந்து ஒரு மாதம் வேட்டிப் பக்கம் நிற்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அங்கே சூஸ் பண்ண ஒன்றும் கிடையாது, எல்லாம் வெள்ளை.

பாண்டியம்மாள் கத்துவாள் என்று அக்கம்மாள் எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. இரண்டு சேலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நான் மாமியாக்காரி, கேக்கல. சரி. ஒனக்கு என்ன தாயி? நீ அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

எத்தனை கல்யாணப் பெண்களுக்குச் சேலை விரித்திருப்பாள்! கண்ணைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். ஒருத்தியிடமாவது கேட்டாளா? கத்தரிக்காய்ப் பட்டு எடுத்த அந்த ஏழெட்டுப் பேரோடு தானும் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

இரண்டு சேலைகளையும் தள்ளித் தள்ளி விரித்தாள், ஒன்றின் மேல் ஒன்று சரியாதபடி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒனக்கு எது வேணும், ஆத்தா?”

சுபாஸ்ரீ முதலில் மாமியாரைப் பார்த்தாள். பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பி, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அரக்கு” என்றாள் சுபாஸ்ரீ, கல்லா வரைக்கும் கேட்கும்படி.