பழைய நம்பர்

திசையன்விளையில் சிராஜுதீன் பதினெட்டு வருடமாகக் கேபிள் டிவி நடத்தி வந்தார். வீடுவீடாக டிஷ் வந்ததும் இணைப்புகள் குறைந்தன. அப்போதுதான் ஒரு கம்பெனி, அதே கேபிளில் இன்டர்நெட்டும் போனும் கொடுக்கலாம் என்றது. புது வயர் வேண்டாம். வீட்டுக்கு ஒரு மோடம் போதும்.

தெருவில் ஹாஜா வீட்டில் மட்டும் தயங்கினார்கள். அவருடைய மகன் யஹ்யா, வாப்பாவோடு சண்டையிட்டு ஒன்பது வருடத்துக்கு முன் வெளியேறியவன். எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த வீட்டு லேண்ட்லைன் நம்பர் ஒன்றுதான்.

"பழைய நம்பருக்கு அடிச்சா இதுல வருமாலே?" என்று கேட்டார் ஹாஜா.

சிராஜுதீனுக்குத் தெரியாது. கம்பெனியில் விசாரிக்கவும் இல்லை.

"வரும் மாமா. ஒரே கேபிள்தான, எல்லாம் வரும்."

மே மாதம் ஹாஜா பழைய லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டுப் புது இணைப்புக்கு மாறினார். இரண்டு வாரம் கழித்து, சும்மா பார்ப்போம் என்று சிராஜுதீன் அந்த நம்பரை அடித்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தால் நம்பரைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஹாஜா மாரடைப்பில் மவுத்தானார். ஊர்க்காரர் ஒருவர் மூலம் துபாயில் செய்தி கேள்விப்பட்டு யஹ்யா வந்து சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவனைப் பார்க்கப் போனார் சிராஜுதீன். ஹாஜாவின் மனைவி மைதீன் பாத்திமா, கணவர் மவுத்தானபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் புள்ள நாலு தடவ போன் போட்டிருக்கான், சிராசு. நம்பரே இல்லன்னுச்சாம். தான் பேசிரக் கூடாதுன்னு வாப்பா வேணும்னே மாத்திட்டாவன்னு நெனச்சிருக்கான். நீ வரும்னுதான சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேன் மாமி. வராதுன்னு பொறவு தெரிஞ்சுது. அப்பவும் சொல்லாம இருந்துட்டேன்."



"அத அவன்ட்ட சொல்லு," என்றார் மைதீன் பாத்திமா.

யஹ்யா முற்றத்தில் இருந்தான். சிராஜுதீன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவன் கோபப்படவில்லை.

"வாப்பா எதிர்பார்த்தாவளா அண்ணே?"

"போனுக்குப் பக்கத்துலயே இருப்பாவ. சோறும் அங்கனதான்."

யஹ்யா முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் இணைப்புப் பழுதானால் சிராஜுதீன் போவதில்லை, ஆளைத்தான் அனுப்புகிறார்.