ஏழாம் பொருளுக்கு ஆட்சேபம்

மாமன்றக் குறிப்புப் புத்தகத்தில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: ‘(சத்தம்)’. நாற்காலி சாய்ந்து விழுந்தால் சத்தம். மேலே தகரத்தில் மழை கொட்டினால் சத்தம். உறுப்பினர் யாராவது நகரத்து மொழியை விட்டுச் சுற்றுவட்டாரத்து மொழியில் பேசிவிட்டால் அதுவும் சத்தம். அதுதான் விதி. சுருக்கெழுத்தம்மா பதினோரு வருடங்களாக அந்த விதிப்படியே எழுதிவந்தாள்.

தலைவரின் மேடைக்குக் கீழே அவளுக்கு ஒரு சிறிய மேசை. கூர் சீவிய நான்கு பென்சில்கள், கோடு போட்ட நோட்டு, ஒரு தம்ளர் தண்ணீர். கூட்டம் தொடங்குமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். காதில் விழுவது பிழையில்லாமல் கைக்கு வரட்டும் என்பதுதான் பிரார்த்தனை. அதற்குமேல் கடவுளை அவள் தொந்தரவு செய்ததில்லை.

நகரத்துக்குப் பாலும் காய்கறியும் குடிதண்ணீரும் சுற்றுவட்டாரத்திலிருந்துதான் வந்தன. மன்றத்தின் சுவரில் கதிர் அறுக்கும் பெண்களின் பெரிய ஓவியம் ஒன்று இருந்தது. விருந்தாளிகள் வந்தால் தலைவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்கள் பேசும் மொழிக்கு நகரத்தார் வைத்திருந்த பெயர் ‘வெளிப்பேச்சு’. அதைப் பேசிக்கொண்டு கடைக்குள் போனால், சாமானைத் தொடுமுன் காசைக் காட்டச் சொல்வார்கள். அதனால் பிழைக்க வந்தவர்கள் மொழியை வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்கள். சுருக்கெழுத்தம்மாவும் அப்படிக் கழற்றி வைத்தவள்தான். அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாம் பொருள்: ஓரத்து வார்டில் உள்ள பிரசவ அறையை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தில் நகர ஆண்டு விழாவின் அலங்கார விளக்குகளை வைப்பது. மருத்துவச்சி ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த அறை பூட்டியே கிடந்தது. வயலும் வீடும் கலந்துகிடக்கும் ஓரத்து வார்டு, போன வருடம்தான் நகரத்தோடு சேர்க்கப்பட்டது.

“ஆட்சேபம் இல்லையே?” என்றார் தலைவர், தாளைப் புரட்டிக்கொண்டே.

“இருக்கு” என்று ஒரு குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. ஓரத்து வார்டு உறுப்பினர். இருபத்திரண்டு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். எல்லோருக்கும் அவள் விசிலக்கா. எழுந்து நின்றவள் சுற்றுவட்டாரத்து மொழியில் பேசத் தொடங்கினாள்.

“ஜன்னலைத் திறங்கப்பா, வயக்காட்டுக் காத்து வருது!” என்றார் இரும்புக்கடைக்காரர். தலைவர் தும்மினால் துண்டு நீட்டும் மனிதர் அவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஜால்ரா என்பார்கள். மன்றம் சிரித்தது.

விசிலக்கா நிறுத்தவில்லை. கூட்ட நெரிசலில் டிக்கெட் கேட்டுப் பழகிய தொண்டை அது.

“அந்த அறையில கூரை கெட்டுப்போகல, சுவர் கெட்டுப்போகல. ஆள் போடாததுதான் குறை. அறையைப் பூட்டினதுக்கப்புறம் என் பஸ்ஸிலேயே ரெண்டு குழந்தை பொறந்துச்சு. டிக்கெட் கிழிச்ச கையால தொப்புள்கொடி பிடிச்சேன். மூணாவதும் பஸ்ஸிலதான். அதோட தாய் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்கல. விளக்கு வைக்க ஆயிரம் இடம் இருக்கு. பிள்ளை பெத்துக்க எங்களுக்கு அந்த ஒரு இடம்தான். ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க பேச்சு உங்க எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. இப்பவும் புரியும்னு நம்பித்தான் பேசுறேன்.”

மூன்றாவது குழந்தையும் அதன் தாயும் வந்த இடத்தில் சுருக்கெழுத்தம்மாவின் பென்சில் முனை முறிந்தது. அடுத்த பென்சிலை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள். விரல்கள் தம் பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தன.

“முடிஞ்சுதா?” என்றார் தலைவர். மேடையிலிருந்து குனிந்து, “சத்தம்னு போட்டுக்கங்கம்மா. ஏழாம் பொருள் ஒருமனதாக…”

ஆட்சேபம் குறிப்பில் ஏறிவிட்டால், குழு நேரில் போய்ப் பார்க்காமல் அறையை மூட முடியாது. ஏறாவிட்டால் ஒருமனதுதான். இதுவும் விதி.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் விசிலக்காவைப் பிடித்தாள் சுருக்கெழுத்தம்மா. “ஏங்க்கா, இருபத்திரண்டு வருஷம் நகரத்து மொழியில டிக்கெட் கொடுத்தவங்க நீங்க. அதிலேயே பேசியிருந்தா அந்தத் தாய் செத்ததை நான் எழுதியிருப்பேனே!”

“டிக்கெட் விக்கிறதும் இதுவும் ஒண்ணாம்மா? அந்தப் பொண்ணோட மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இதை இப்படியே சொல்லுன்னு சொன்னா. அவ சொன்னதை நான் மாத்திச் சொன்னா அது அவ பேச்சா?” விசிலக்கா இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். “ஆமா, நான் என்ன பேசினேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சுருக்கெழுத்தம்மா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விசிலக்கா கேட்டுத் துளைக்கவில்லை. அவளுடைய கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மாலையில் வீட்டில் சுருக்கெழுத்தம்மா அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கணவர் பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளர். நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தார்.

“எழுதினா வேலைக்கு ஆபத்துங்க. நான் எந்தப் பக்கத்துக்காரின்னும் தெரிஞ்சுபோகும்.”

“எனக்குத் தெரிஞ்சு பத்தொன்பது வருஷமாச்சே, என்ன குறைஞ்சுபோச்சு?”

“உங்களுக்கு எப்படி…?”

“பால் பொங்கினா நீ எந்த மொழியில திட்டுறேன்னு எனக்குத் தெரியாதா? எனக்கே இப்ப அதுலதான் திட்ட வருது.”

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். வெங்காயத்தின் மேல் பழி போட்டார்கள் இருவரும்.

பொய் பேசுவதுதான் பாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டதைக் கேட்கவில்லை என்று பதினோரு வருடம் எழுதுவதும் அதே கணக்கில்தான் சேரும். மறுநாள் காலை அவள் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஏழாம் பொருளின் கீழே, ஓரத்து வார்டு உறுப்பினரின் ஆட்சேபம் என்று தலைப்பிட்டு, பேசியது முழுவதையும் நகரத்து மொழியில் பெயர்த்து அடித்தாள். ஒரு பக்கம் வந்தது.

மூன்றாம் நாள் தலைவர் அறைக்கு அழைத்தார். மேசையில் அந்தப் பக்கம் கிடந்தது.

“இது என்னம்மா?”

“அவங்க பேசினதுங்க ஐயா.”

“அந்த மொழி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மா பேசின மொழிங்க.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “பதினோரு வருஷமா சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கல, நான் சொல்லல. தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்குங்க.”

“விதி தெரியுமில்ல? இந்தப் பக்கத்தை எடுத்துட்டு வேற அடிச்சுக் கொடுங்க. நானும் மறந்துடறேன், நீங்களும் மறந்துடுங்க.”

“விதி தெரியுங்க. ஆனா நாற்காலி விழுந்ததுக்கும் ஒரு பொம்பளை செத்ததுக்கும் ஒரே சொல்லை என்னால இனி போட முடியாது. வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க. நான் கேட்டதைத்தான் நான் அடிச்சிருக்கேன்.”

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மன்றத்திலேயே அதை நீக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலைவர் அந்தப் பக்கத்தை விட்டுவைத்தார்.

அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, முந்தைய குறிப்பை வாசித்து உறுதிசெய்வது. செயலர் வாசித்தார். ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர். சட்டைப்பையில் விதிப்புத்தகம் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். ஏழாம் பொருள் வந்ததும் மன்றம் சலசலத்தது. அவர் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார்.

“இந்தப் பக்கம் செல்லாது” என்றார் தலைவர். “அன்னைக்கு வெறும் சத்தம்தான் இருந்தது. அந்தம்மா பேசினது இந்த மன்றத்துல யாருக்கும் புரியாது. எடுத்துடுங்க.”

செயலர் விதிப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். “ஐயா, குறிப்பு தப்புன்னு சொல்றவர், உண்மையில பேசினது என்னன்னு எடுத்துச் சொல்லணும். அப்பதான் திருத்த முடியும். முப்பத்திரண்டாம் விதி.”

“புரியாத பேச்சை எப்படிய்யா எடுத்துச் சொல்றது?”

“அப்ப தப்புன்னும் சொல்ல முடியாதுங்களே.”

தலைவரின் முகம் சிவந்தது. அவர் தடுமாறுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் இரும்புக்கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

“ஏன் முடியாது? நான் சொல்றேன்! குறிப்பு தப்பு! பஸ்ஸில ரெண்டு குழந்தை பொறந்துச்சுன்னு அடிச்சிருக்காங்க. அந்தம்மா சொன்னது மூணு! என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!”

மன்றத்தில் ஈ ஓட்டும் கை கூட அசையவில்லை.

சுருக்கெழுத்தம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். முதல் இரண்டு குழந்தைகளும் இருந்தன. பென்சில் முறிந்த இடத்தில் மூன்றாவது இல்லை. எழுந்து நின்றாள். “உறுப்பினர் சொல்றது சரிங்க. என் பிழைதான். மூணு குழந்தைங்க. மூணாவதோட தாய்தான் இறந்துபோனாங்க.”

“பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!” என்று நெஞ்சை நிமிர்த்திய இரும்புக்கடைக்காரருக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி அவருக்காக ஒரு முனகல் முனகியது.

“அண்ணே,” என்றாள் விசிலக்கா கடைசி வரிசையிலிருந்து, அவள் மொழியிலேயே, “எந்த ஊர்ப் பக்கம்ணே நீங்க?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடியே, அதே மொழியில், யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்: “ஆத்துக்கு அந்தாண்டை.”

எல்லோருக்கும் கேட்டது. எல்லோருக்கும் புரிந்ததும் தெரிந்தது. நடு வரிசையில் ஒருவர், “கூரை கெட்டுப்போகலைன்னும் சொன்னாங்க, அதையும் தெளிவாப் போடுங்க” என்றார். அவருக்கு அடுத்திருந்த பல் வைத்தியர், தன் பாட்டனார் அந்த மொழி பேசுவார் என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுருக்கெழுத்தம்மா ஒவ்வொன்றையும் எழுதி, பேசியவரின் பக்கம் திரும்பி, “இது சரியாங்க?” என்று கேட்டுக்கொண்டாள். ஒருவரையும் அவள் ஏளனமாகப் பார்க்கவில்லை. ஒளித்து வைப்பது எப்படிப்பட்ட பாரம் என்று அவளுக்குத் தெரியும்.

தலைவர் சுத்தியலை இரண்டு முறை தட்டினார். வேறு வழியில்லாமல், திருத்தத்தோடு குறிப்பு உறுதிசெய்யப்பட்டது என்று அறிவித்தார். ஆட்சேபம் ஏறிவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆய்வுக்குழு ஓரத்து வார்டுக்குப் போகும். அதுவரை பூட்டைத் தொடக் கூடாது. குழுவில் சேர இரும்புக்கடைக்காரர் தானாகவே கை தூக்கினார். “பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் என் பொறுப்பு” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

கூட்டம் கலையும்போது தலைவர் மேடையிலிருந்து இறங்கி சிறிய மேசையின் முன் நின்றார்.

“நாளையிலிருந்து நீங்க பழைய பதிவேட்டு அறைக்குப் போயிடுங்க. இந்த மேசைக்கு வேற ஆளை எடுத்துக்கறேன்.”

அவள் பென்சில்களை ஒன்றுசேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாள். பதிவேட்டு அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத இடம். அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அதெல்லாம் ஒரு நொடி மனதில் வந்துபோயிற்று. பிறகு நிமிர்ந்து, அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பேசாத தன் மொழியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“போறேங்க ஐயா. ஆனா புதுசா வர்ற ஆளுக்கு ரெண்டு மொழியும் தெரிஞ்சிருக்கணும்னு விளம்பரத்துல போடச் சொல்லுங்க. இனிமே இங்க ரெண்டுலயும் பேசுவாங்க.”

தலைவர் புரியாதவர்போல் செயலரைப் பார்த்தார்.

செயலர் பார்க்கவில்லை. மேசைமேல் குனிந்து விளம்பரத்துக்கான தாளில் எழுதிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, அவள் பேசிய அதே மொழியில் கேட்டார்: “படிக்கவும் தெரியணுமா, பேசத் தெரிஞ்சாப் போதுமாம்மா?”