பதில் வரும் வரை ரிசர்வ்

1998 ஆடியில், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் சங்கிலிக்குப்பத்தில், செசிலியின் வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு ஒட்டாமல் வழிந்து சாக்கடையில் இறங்கியது. மறுநாள் நகராட்சி ஆட்கள் மூன்று கோட்டு அடித்தார்கள். அதுவும் இறங்கியது. நீல எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று நின்றது: ‘இன்னாசி ஆசிட் தொட்டிக்குள் செத்தார். கம்பெனி பதில் சொல்லணும்.’

இன்னாசி அவள் புருஷன். பதினான்கு வருஷம் தொட்டி கழுவியவர். செத்த அன்றே, அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ‘ஆமாம், எங்கள் ஆள்தான்’ என்று ஒரு வரி வந்தால் போதும் செசிலிக்கு. அதற்குத்தான் சுவரெழுத்துக்காரர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டாள். எல்லாக் கட்சிக்கும் எழுதிய கை அது. சுவரைப் பிடித்து, மூலையில் இன்ன வருஷம் வரை ரிசர்வ் என்று போட்டுவிட்டால் எதிர்க்கட்சிக்காரன்கூடத் தொடமாட்டான். வடசென்னையில் சட்டத்தை மீறியவன் உண்டு, ரிசர்வை மீறியவன் கிடையாது. பழக்க தோஷம், இந்தச் சுவரின் மூலையிலும் ‘பதில் வரும் வரை ரிசர்வ்’ என்று போட்டுவிட்டார்.

சுவரைக் கெடுக்கும் எழுத்தை மூன்று நாளில் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரையே இடிக்கலாம் என்று அந்த வருஷம்தான் உள்ளூரில் ஒரு விதி வந்திருந்தது. அதே தெருவில் ஆளுயரத் தலைவர்கள் சுவர் சுவராகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விதியின் கண்ணில் படவில்லை. வெட்கம் கெட்ட விதி. நகராட்சி ஆபீசர் பக்தவச்சலம் ஐந்து வருஷம் டிஸ்டம்பர், தார், சிமென்ட் எல்லாம் பூசிப் பார்த்தார். எல்லாம் வழிந்து போயின.

2003 மாசியில் இடிக்கிற வண்டியோடு வந்தார். செசிலி குறுக்கே நின்றாள்.

“எம் புருசன் பூட்டப்போ ஒர்த்தனும் எட்டிப் பாக்கல. எழுத்த அழிக்க மட்டும் வண்டி எட்த்துகினு வந்துகீறியா?”

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா. தள்ளு.”

“ரிசர்வு செவுரு சார், வாணாம்,” என்றார் பொன்னுரங்கம்.

பக்தவச்சலம் கையை அசைத்தார். சுவர் விழுந்தது. எழுத்து விழவில்லை. புழுதி அடங்கியபோது, இரண்டு வரியும் மூலை ரிசர்வும் இருந்த இடத்திலேயே காற்றில் நின்றன. இடையில் கம்பெனியின் புகைபோக்கி தெரிந்தது. சுவரே இல்லாததால் இனி விதி செல்லாது என்று எழுதி பக்தவச்சலம் கோப்பை மூடினார். நாசமாய்ப் போகட்டும் அந்தக் கோப்பு.

செசிலி கொஞ்சம் பின்தள்ளித் தட்டி கட்டிக்கொண்டாள். தண்ணீர் லாரி இப்போது ‘இன்னாசி எழுத்து’ என்ற இடத்தில் நிற்கிறது. அடுத்த தேர்தலுக்கு இடம் பார்க்க வந்த கட்சிக்காரர்கள் மூலையைப் படித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனார்கள். மழைக்கு நிறம் மங்கினால் பொன்னுரங்கம் ஏணியை எழுத்தின்மேலேயே சாய்த்து நீலம் பூசுகிறார். செசிலி அந்த எழுத்தில் துணி காயப்போடுகிறாள். ‘பதில்’ என்ற சொல்லின்மேல் மட்டும் போடுவதில்லை. தபால்காரர் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்.